குடிக்காத வாப்பாவுக்கு ஏன் ஈரல் புற்று?

கேள்வி: என் வாப்பா சங்கு குளித்தவர். வயது 58. மது, சிகரெட் எதையும் தொட்டதில்லை. போன மாதம் ஈரலில் புற்றுநோய் என்றார்கள். ரிப்போர்ட்டில் ‘டிபி53’, ‘டெர்ட்’ என்று இரண்டு மரபணு மாற்றங்கள், வேகமாகப் பரவும் வகை, ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்றெல்லாம் இருக்கிறது. மரபணு என்றால் பரம்பரைதானே? நான் ஆறு மாதக் கர்ப்பிணி. என் பிள்ளைக்கும் வருமா? வாப்பா மறைவாகக் குடித்திருப்பார் என்று ஊரில் பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, கீழக்கரை

பதில்: அந்தப் பேச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. ஒரு சொட்டு மதுகூடக் குடிக்காதவருக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஈரல் புற்றை உண்டாக்கும். ஈரல் சுருங்காமலேகூட வரும். உங்கள் வாப்பாவுக்கு இந்த நோய் வர மது தேவையே இல்லை. பேசுகிறவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

இந்த வைரஸ் ஈரல் செல்லுக்குள் போய்த் தன் டிஎன்ஏவை நம் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிக்கொள்ளும். அது அடிக்கடி செருகும் இடங்களில் ஒன்று டெர்ட் மரபணுவின் பக்கம். வளர்ந்த மனிதரின் ஈரலில் டெர்ட் பெரும்பாலும் செயல்படாமல் இருக்கும். அது விழித்துக்கொண்டால் செல்லுக்கு வயதாவதில்லை, பிரிந்துகொண்டே போகும். பாதிக்கு மேற்பட்ட ஈரல் புற்றுகளில் டெர்ட்டில் மாற்றம் உண்டு என்பதால் அதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம்.

டிபி53தான் கவனிக்க வேண்டியது. சேதமான செல்லைப் பிரிய விடாமல் தடுப்பதும், தேவைப்பட்டால் அழித்துவிடுவதும் அதன் வேலை. அது கெட்டுப்போன கட்டிகள் பெரும்பாலும் முரட்டுத்தனமானவை, ரத்தக்குழாய்க்குள் புகுந்துவிடும். அதைக் கெடுப்பவற்றில் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சினும் ஒன்று. சீனாவிலும் ஆப்பிரிக்காவின் தெற்கிலும் இருந்த நோயாளிகளிடம் டிபி53இன் ஒரே இடத்தில் மாற்றம் இருப்பதை 1991இல் கண்டுபிடித்தார்கள். அஃப்ளாடாக்சின் விட்டுப்போகும் தடயம் அது. ஹெபடைட்டிஸ் பியும் இந்த நச்சும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. நான் தேவிபட்டினத்துக்காரி, முண்டு மிளகாய் காயும் மொட்டைமாடியில் வளர்ந்தவள். அதனால் சொல்கிறேன்: மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வத்தலையும் கடலையையும் தூக்கிப் போடுங்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்த நச்சு முழுதாகப் போகாது.

சரி, பரம்பரை விஷயம். வாப்பாவின் ரிப்போர்ட்டில் உள்ளது போன்ற மாற்றங்கள் பெரும்பாலும் ஈரல் செல்லில் வாழ்நாளில் ஏற்படுபவை. அவை பிள்ளைகளுக்குப் போவதில்லை. வைரஸ்தான் போகும். பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, ஒரே சவரக் கத்தியில், சுத்தமில்லாத ஊசியில், உடலுறவில். ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது. வாப்பாவைத் தனியாக வைக்காதீர்கள். ஆனால் நீங்கள், உம்மா, காக்கா, லாத்தா எல்லோரும் இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வைரஸ் இல்லாதவர்கள் தடுப்பூசி போடலாம். இருக்கிறவர்களில் யாருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேன் தேவை என்று டாக்டர் சொல்வார்.

வாப்பாவின் சிகிச்சையை இப்போதைக்குப் பெரும்பாலும் முடிவு செய்வது மரபணு ரிப்போர்ட் அல்ல. கட்டியின் அளவு, எண்ணிக்கை, ரத்தக்குழாயில் புகுந்திருக்கிறதா, மீதி ஈரல் எப்படி வேலை செய்கிறது என்பவைதான். அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றாலும் 2020 முதல் அடிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசிகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை இருக்கிறது. வைரஸுக்கான மாத்திரை பற்றியும் இப்போதே கேளுங்கள். புற்று வந்த பிறகும் அது மீதி ஈரலைக் காக்கும்.

அப்புறம் உங்கள் பிள்ளை. உங்களுக்குப் பாசிட்டிவ் வந்தால் வைரஸ் அளவைப் பார்ப்பார்கள். அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். குழந்தை பிறந்த உடனே, முடிந்தவரை 12 மணி நேரத்துக்குள், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருள்) ஊசியும் போட வேண்டும். உங்களுக்கு வைரஸ் இல்லாவிட்டாலும் தடுப்பூசியின் முதல் டோஸ் 24 மணி நேரத்துக்குள். இம்யூனோகுளோபுலின் எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது. தேவைப்பட்டால் பிரசவத் தேதிக்கு முன்பே மருத்துவமனையில் சொல்லி வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.