பல் பிடுங்கிய மூன்றாம் நாள் வலி கூடுவது ஏன்?

கீழ் ஞானப்பல்லைப் பிடுங்கிய மறுநாள் வலி குறைந்தது, மூன்றாம் நாளான இன்று காது வரை இழுக்கிறது, வாயும் நாறுகிறது என்கிறீர்கள். கேட்டால் 'டிரை சாக்கெட்' போலத்தான் தெரிகிறது. குழியை மூடியிருந்த இரத்தக்கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய், அடியிலுள்ள எலும்பு வெளியே தெரிகிறது. கீழ்க் கடைவாயில்தான் இது அதிகம். புகைப்பது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, முதல் நாளே வேகமாகக் கொப்பளிப்பது எல்லாம் இதற்கு வழி செய்யும்.

கண்ணாடியில் குழி காலியாக, எலும்பு தெரிகிறதா பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் பெரும்பாலும் அது ஆறும் புண்ணின் மேல்படலம், குச்சியால் சுரண்டிவிடாதீர்கள்.

வலி மாத்திரையை மட்டும் நம்பி நாளைக் கடத்த வேண்டாம், இன்றே பல் மருத்துவரிடம் போங்கள். குழியைக் கழுவி, கிராம்பெண்ணெய்ச் சத்து கலந்த மருந்தை வைப்பார். பல நேரம் சில மணி நேரத்திலேயே வலி தணியும். மருந்தை ஓரிரு முறை மாற்ற வேண்டியிருக்கலாம். (வீட்டில் கிராம்பெண்ணெயை நேரடியாக ஊற்றினால் ஈறு வெந்துவிடும்.) அதுவரை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, சாப்பிட்டதும் வாயில் வைத்து, தலையை மெல்லச் சாய்த்து நீரைத் தானாக வெளியே வழியவிடுங்கள், வேகமாகத் துப்ப வேண்டாம்.

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேராக அவசர சிகிச்சைக்கு.