கொப்பியை ஏன் திறந்தீர்கள்?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கோயாவில் பெரியம்மா வீட்டில் கூடி ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாடுகிறோம்; மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு. பெரியம்மாவின் மகன், என் அண்ணன்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை அமைத்து ஆட்டத்தை நடத்துபவர். கூடப் படித்த நண்பன் ஒருவன் திருடன் பாத்திரம் எடுத்திருக்கிறான். எல்லோருக்கும் பொதுவான புதையலை அவன் ரகசியமாகச் சுருட்டுகிறான். அண்ணன் தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போன நேரம் அவருடைய கொப்பியில் அது என் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து என் பாத்திரமான வீரன் இரத்தினங்களைச் சப்பாத்துக்குள் ஒளித்து வைக்கிறான். இனி நண்பனை எப்படி நம்புவது? விலகிவிடலாமா?
- வாசகர், ஹட்டன்

பதில்: கண்ணில் பட்டதா, தம்பி? மாஸ்டர் தன் குறிப்புகளை ஒரு மறைப்பு அட்டைக்குப் பின்னால்தான் வைத்திருப்பார். மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அந்த அட்டை நிற்கிறது. நீங்கள் எழுந்து அந்தப் பக்கம் போயிருக்கிறீர்கள். எழுத்துக்கூட்டி வாசித்தும் இருக்கிறீர்கள். அதை ஒரே வரியில் எழுதிவிட்டு, மிச்சக் கடிதம் முழுக்க நண்பனைப் பற்றிப் புலம்புகிறீர்கள்.

அவன் என்ன செய்தான்? மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, 20 முகப் பகடையை உருட்டித் திருடினான். பகடை சரியாக விழாவிட்டால் எல்லோர் முன்னிலும் அகப்பட்டிருப்பான். 1974-ல் வந்த இந்த விளையாட்டில் அடுத்த வருடமே திருடன் பாத்திரமும் சேர்ந்துவிட்டது. இத்தனை வருடமாகத் திருடர்கள் மேசையில் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். மாசி மாதத்தில் காமன் கூத்துப் பார்த்திருப்பீர்கள். காமனை எரித்த சிவன் வேடக்காரரிடம், மறுநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் யாராவது சண்டைக்குப் போகிறார்களா?

உங்கள் திருட்டுக்குப் பகடை கிடையாது. அது நிஜ வீட்டில், நிஜ அண்ணனிடம் நடந்தது. அவருடைய தாய் உங்களுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில்! நான் பழைய ஆள். அப்பாவுக்கு அடுத்தது அண்ணன் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். சாப்பிட உட்கார்ந்த வீட்டில் கொப்பி, அலுமாரி, போன் எதிலும் கை வைக்கக் கூடாது என்பதும் அந்த வளர்ப்புத்தான். சொந்தக்காரர் வீடு என்றால் இன்னும் கூடாது.

சப்பாத்துக்குள் இரத்தினம் ஒளித்ததுதான் எனக்கு இன்னும் கோபம். கொப்பியை வாசித்தது நீங்கள். உங்கள் வீரனுக்கு அது எப்படித் தெரியும்? விளையாடுபவருக்குத் தெரிந்ததைப் பாத்திரத்துக்கு ஊட்டினால் மாஸ்டர் பின்னிய கதை அங்கேயே செத்துப்போகும். அண்ணன் வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து எழுதியதாக இருக்கும் அது.

சரி, ஒரு நியாயம் உங்கள் பக்கமும் உண்டு. ஒருவர் பாத்திரம் மற்றவர் பாத்திரத்திடம் திருடலாமா, கத்தி தூக்கலாமா என்பதை முதல் நாளே எல்லோரும் பேசியிருக்க வேண்டும். இதற்காகவே ஆட்டம் தொடங்குமுன் ஒரு நாள் கூடிப் பேசுகிற குழுக்கள் இருக்கின்றன. நீங்கள் பேசியதாகத் தெரியவில்லை. அதற்கு மாஸ்டரும் பொறுப்பு. ஆனால் அதை இப்போது அண்ணனிடம் கேட்க உங்களுக்கு வாய் வராது, இல்லையா?

வரும் ஞாயிறுக்கு முன்பே டிக்கோயாவுக்குப் போங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் தப்ப வேண்டாம். கொப்பியை வாசித்ததை அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் ஏசினால் கேட்டுக்கொள்ளுங்கள். கதையை மாற்றுவதா, அப்படியே விடுவதா என்பதை அவர் முடிவு செய்வார். இரத்தினங்கள் பொதுப் பைக்குத் திரும்பட்டும். அதற்குப் பிறகு எல்லோரும் இருக்கும்போது திருட்டைப் பற்றிப் பொதுவாக ஒரு விதி கேளுங்கள். நண்பனின் பெயரை எடுக்காதீர்கள். அவனுடைய ரகசியத்தை மற்றவர்களிடம் உடைக்கிற உரிமை உங்களுக்கு இல்லை.

விலகுகிற பேச்சே வேண்டாம். நீங்கள் போய்விட்டால், காரணம் தெரியாமலே அந்தப் பையன்மேல் பழி விழும்.

பெரியம்மா காதுக்கு மட்டும் இது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் பரிந்து பேசிக் காரியத்தைக் குழப்பிவிடுவார்.