ஹம்ஃப்ரி நல்கை வழியாக முதுகலைப் பட்டம் பெற முடியுமா?

வணக்கம். தொண்டு நிறுவனமொன்றில் ஆறு ஆண்டுகளாகத் தகவல் தொடர்பு அலுவலராகப் பணிபுரியும் நீங்கள், அமெரிக்காவின் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி நல்கையின் (ஃபெல்லோஷிப்) மூலம் முதுகலைப் பட்டம் பெற்று, அங்கேயே வேலையும் தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்குமே அது ஏற்ற வழியன்று.

1978-இல் தொடங்கப்பட்ட இத்திட்டம், பணியில் ஏற்கெனவே காலூன்றியவர்களுக்கானது. ஏறத்தாழ பத்து மாதங்கள் பல்கலைக்கழகத்தில் விரும்பிய பாடங்களைக் கற்கலாம், தொழில்சார் நிறுவனமொன்றில் சில வாரங்கள் பணியாற்றலாம். ஆனால் பட்டம் கிடைக்காது. மேலும், இந்த நல்கையில் போல அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் ஜே-1 என்னும் பரிமாற்றத் திட்ட விசாவில் செல்பவர், விலக்குப் பெற்றாலன்றி, தாயகத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கிய பின்னரே எச்-1பி என்னும் வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ பெற இயலும்.

பட்டம்தான் முதன்மையெனில், பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையைப் பாருங்கள். ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு உதவும் அதிலும் படிப்பு முடிந்து ஈராண்டுகள் தாயகத்தில் இருக்க வேண்டும்.

ஹம்ஃப்ரி நல்கைக்கே விண்ணப்பிப்பதாயின், நீங்கள் இணைத்துள்ள கட்டுரை வரைவை மாற்றியே ஆக வேண்டும். “என் திறன்களை மேம்படுத்த விரும்புகிறேன்” என்னும் தொடக்கம் எவருக்கும் பொருந்தும். வெள்ள எச்சரிக்கைக் குறுஞ்செய்தியைப் படித்தும் மக்கள் வீட்டை விட்டு வெளியேறாததைப் பற்றிக் கடைசிப் பத்தியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அதை முதலில் வைத்து, அதற்காக எந்தப் பாடங்களைக் கற்க வேண்டும், திரும்பி வந்து எச்சரிக்கைச் செய்தியில் எதை மாற்றுவீர்கள் என்பதை விரித்தெழுதுங்கள்.