முதலாண்டிலேயே எதைத் தொடங்குவது, எதைத் தள்ளிவைப்பது?

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்க அரசுப் பள்ளியில் தமிழ்வழி, கல்லூரியில் ஆங்கிலவழி. அப்பா தமிழக அரசுப் பணித் தேர்வான குரூப் 4-க்குப் படி என்கிறார். சீனியர் அக்காக்கள் ஐ.டி. வேலை என்கிறார்கள். பேராசிரியை எம்.எஸ்சி., பி.எட். முடிக்கச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? இப்போதே பயிற்சி மையத்தில் சேரலாமா?

பதில்: இந்த மூன்றில் ஒன்றை இன்றைக்கே முடிவுசெய்ய வேண்டிய அவசரம் இல்லை. பயிற்சி மையத்துக்கு இப்போது பணம் கட்டவும் வேண்டாம். இப்போது விட்டுவிட்டால் மூன்றாம் ஆண்டில் சரிசெய்ய முடியாத சில வேலைகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் முதலில் பாருங்கள்.

முதலாவது அரியர், அதாவது தேர்ச்சி பெறாமல் நிலுவையில் நிற்கும் தாள். பல பல்கலைக்கழகங்களில் அக மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. அந்த 75-ல் 30 எடுத்தால்தான் தேர்ச்சி. அக மதிப்பெண் முழுதாகக் கிடைத்தாலும் தேர்வில் 29 என்றால் அரியர்தான். தமிழ்வழியில் வந்தவர்கள் முதல் செமஸ்டரில் தடுக்குவது கணக்குப் புரியாமல் அல்ல. தேற்றத்தின் கூற்றையும் நிறுவலையும் ஆங்கிலத்தில் எழுத வராமல். அதற்கு ஒரு தனி நோட்டுப் போடுங்கள். இடப்பக்கம் தேற்றத்தின் கூற்று ஆங்கிலத்தில். வலப்பக்கம் அதன் பொருள் உங்கள் தமிழில், கூடவே ஒரு சிறிய எடுத்துக்காட்டு. வாரத்துக்கு ஐந்து தேற்றம் போதும். மனப்பாடம் செய்தவர் வரி மறந்தால் அங்கேயே நின்றுவிடுவார், பொருள் தெரிந்தவர் தன் சொற்களில் எழுதி முடித்துவிடுவார். டிசிஎஸ், விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.எஸ்சி. கணிதம் படித்தவர்களையும் எடுக்கின்றன. ஆனால் வளாகத் தேர்வுகளில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் குறைந்தபட்ச மதிப்பெண்ணும், நிலுவையில் அரியர் இல்லாமையும் கேட்பது வழக்கம். முதல் செமஸ்டர் அரியரை மூன்றாவது செமஸ்டரோடு சேர்த்து எழுதும்போது அந்த செமஸ்டர் தாளும் சேர்ந்து போகும். அரியர் சேர்வது இப்படித்தான்.

அடுத்தது பயிற்றுமொழி. இதை முதலாண்டில் யாரும் சொல்லித் தருவதில்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அந்தப் பணிக்குரிய கல்வித்தகுதிவரை எல்லாமே தமிழ்வழியில் இருக்க வேண்டும். குரூப் 4-க்குத் தகுதி பத்தாம் வகுப்பு. ஆகவே உங்களுக்கு முன்னுரிமை இருக்கிறது. குரூப் 2-க்குத் தகுதி பட்டம். ஆங்கிலவழியில் பட்டம் முடித்தால் அங்கே முன்னுரிமை கிடைக்காது. ஆங்கிலவழியில் சேர்ந்துகொண்டு தேர்வைத் தமிழில் எழுதினாலும் கணக்கில் வராது. உங்கள் கல்லூரியில் தமிழ்வழிப் பிரிவு இருந்து, அரசுப் பணிதான் என்பதில் நீங்கள் உறுதியாக இருந்தால், மாற முடியுமா என்று துறைத் தலைவரிடம் இப்போதே கேளுங்கள். எம்.எஸ்சி.யோ ஐ.டி.யோ மனதில் இருந்தால் ஆங்கிலவழியிலேயே இருங்கள். முடிவு தெரியாதவர்களுக்கும் ஆங்கிலவழியே மேல் என்பது என் கருத்து: 20 சதவீத முன்னுரிமைக்காகக் கணிதத்தின் மற்ற பாதைகளைக் கடினமாக்கிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது டைப்ரைட்டிங். பழைய காலத்து வேலை என்று நினைப்பவர்கள் குரூப் 4 அறிவிக்கையைப் படித்திருக்க மாட்டார்கள். தட்டச்சுத் தேர்வில் லோயர் (இளநிலை), ஹையர் (முதுநிலை) என்று இரண்டு நிலை. தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர், அல்லது ஒன்றில் ஹையர், இன்னொன்றில் லோயர் வேண்டும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறைதான் தேர்வு நடத்துகிறது, பொதுவாக பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். ஆங்கில லோயர், தமிழ் லோயர், பிறகு ஹையர் என்று ஒவ்வொன்றாக எழுதினால் ஒன்றரை இரண்டு ஆண்டு ஆகிவிடும். மூன்றாம் ஆண்டில் தொடங்குபவர் அறிவிக்கை வரும்போது கையில் சான்றிதழ் இல்லாமல் நிற்பது இதனால்தான். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் மட்டுமே போட்டியிடுவதால் தட்டச்சர் பணியில் நெரிசல் குறைவு. இன்ஸ்டிடியூட்டில் தினம் ஒரு மணி நேரம், விடுப்பு எடுக்காமல். பார்க்காமல் அடிக்கும் பழக்கம் வருவதற்குள் வேகத்தைத் துரத்தினால் 30-ஐத் தாண்டலாம், 45-ல் பிழை குவியும். இந்தப் பழக்கம் மத்திய அரசின் எஸ்எஸ்சி சிஎச்எஸ்எல் தேர்வில் எழுத்தர் பணிக்குக் கணினியில் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொல் அடிக்கும் தேர்வுக்கும் உதவும்.

ஐ.டி. பக்கம் முதலாண்டில் ஒரே ஒரு நிரல்மொழி போதும், பைத்தான் நல்லது. அதைத் தனிப் பாடமாகப் படிக்காமல் உங்கள் தாளோடு சேர்த்துவிடுங்கள். சமன்பாட்டியலில் வரும் நியூட்டன் முறையில் ஒரு மூலத்தைக் கையால் கண்டுபிடித்துவிட்டு, அதையே பத்துவரி நிரலாக எழுதிப் பாருங்கள். மடிக்கணினி இல்லையென்றால் நிரலை இணையத்திலேயே எழுதி இயக்கும் கூகுள் கொலாபை ஃபோன் பிரவுசரிலேயே திறக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல். சேர்வதும் படிப்பதும் இலவசம், தேர்வு எழுத மட்டும் 1,000 ரூபாய். வாராந்திரப் பயிற்சிக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10-ம் தேர்வில் 30-ம் எடுக்க வேண்டும். 12 வாரப் பாடத்தில் தொடங்காதீர்கள், பாதியில் நிற்பவர்களே அதிகம். 4 அல்லது 8 வாரப் பாடம் ஒன்று, அதுவும் இரண்டாவது செமஸ்டரில். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதென்றால் தேர்வுக் கட்டணத்துக்கு அதுவே போதும். யாரோ தரும் ஒருநாள் ஆன்லைன் சான்றிதழ்களை வரிசையாகச் சேர்ப்பதில் பயன் இல்லை. நேர்முகத்தில் ஒரு கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

எம்.எஸ்சி. பற்றி ஒரு சொல். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு; மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் எழுதுவது. 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ரியல் அனாலிசிஸ், குலக் கோட்பாடு போன்றவை பல கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டில்தான் வருகின்றன. தேர்வுக்குள் பாடம் முடிந்திருக்காது. அந்த எண்ணம் இருந்தால் முதலாண்டுக் கோடையில் தொடர்வரிசை, தொடர் இரண்டையும் நீங்களே படித்துவிடுங்கள். பேராசிரியை சொல்லும் எம்.எஸ்சி., பி.எட். பாதைக்கு இளங்கலையோடு சேர்த்து 7 ஆண்டு. நல்ல பாதைதான், ஆனால் வேலைக்கான தேர்வுக் காத்திருப்பு அதற்கு மேல். வீட்டில் எத்தனை ஆண்டு பொறுப்பார்கள் என்பதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள்.

அப்பா சொல்லும் குரூப் 4-ஐ 18 வயது நிறைந்ததும் எழுதலாம். கிராம நிர்வாக அலுவலர் போன்ற சில பணிகளுக்கு 21. 200 கேள்விகளில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழில் 150-க்கு 60 வராவிட்டால் மீதித் தாள் திருத்தப்படாது. உங்கள் தம்பி தங்கையின் 6 முதல் 10 வரையிலான தமிழ்ப் புத்தகங்களே பயிற்சி மையம். தினம் அரை மணி நேரம். கணித மாணவிக்குத் திறனறிவு எளிது என்று நினைத்து விடுபவர்கள் நேரத்தில் தோற்கிறார்கள். ஒரு கணக்குக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்காமல் பழகுங்கள்.

கடைசியாக, ஆவணங்கள். ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இந்த விடுமுறையில் பாருங்கள். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ்வழிச் சான்று தனித்தனியாக வாங்க வேண்டும். மத்திய அரசுப் பணிக்கான ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் மட்டும் வேறு. அதில் குடும்பத்தின் பொருளாதார நிலையும் பார்க்கப்படுவதால் இப்போது எடுத்து வைத்துப் பயனில்லை, விண்ணப்பிக்கும் ஆண்டில் எடுத்தால் போதும்.