கடலோரத் தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும் கார்பனை வெயில் என்ன செய்கிறது?

முதுகலை படிக்கும்போது பிச்சாவரம் அலையாத்திக் காட்டுத் தண்ணீரில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

சுரபுன்னை, தில்லை இலைகள் விழுந்து ஊறி ஊறி அந்த வாய்க்கால் தண்ணீர் லேசான டீ நிறத்தில் இருக்கும். பாக்டீரியா நீங்கிவிடும்படி அதை நுண்ணிய வடிதாளில் வடித்து, குவார்ட்ஸ் குடுவைகளில் ஊற்றி, பாதிக் குடுவைகளுக்கு அலுமினியத் தாள் சுற்றி மொட்டை மாடியில் வைத்தோம். சாதாரணக் கண்ணாடி சரிவராது, புற ஊதாக் கதிரின் வீரியமான பகுதியை அதுவே தடுத்துவிடும். சில நாளில் வெயில் பட்ட தண்ணீர் வெளுத்துவிட்டது, தாள் சுற்றியது அப்படியே இருந்தது.

நிறம் தரும் லிக்னின் (மரத்துக்கு விறைப்புத் தரும் பொருள்) வகைப் பொருள்கள்தான் கதிரை விழுங்குகின்றன, உடைவதும் அவைதான். கொஞ்சம் நேராகக் கார்பன் டை ஆக்சைடாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் போகும். இன்னொரு பங்கு அசிட்டேட், ஃபார்மால்டிஹைடு மாதிரி சின்ன மூலக்கூறாகி பாக்டீரியாவுக்குத் தீனியாகும். எல்லாவற்றையும் பாக்டீரியாதான் தின்று தீர்க்கிறது என்று நினைக்கிறோம், ஆனால் கடினமானதை முதலில் நறுக்கிக் கொடுப்பது பல இடங்களில் வெயில். காங்கோ ஆற்று நீரை 57 நாள் ஒளியில் வைத்த ஆய்வில் கரைந்த கார்பனில் சுமார் 45 சதவீதமும் லிக்னினில் 95 சதவீதத்துக்கு மேலும் காணாமல் போயின! அதே சமயம், பாசியிலிருந்து அப்போதுதான் வந்த சத்தை வெயில் சில நேரம் பாக்டீரியா தொட முடியாதபடி மாற்றியும்விடும்.

சேற்றில் கதை வேறு. ஒளி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. தண்ணீர் வற்றிய பகலில் சேற்றைக் குனிந்து பார்த்தால் மேலே பொன்பழுப்பாக ஒரு படலம் தெரியும், தொட்டால் வழவழவென்று இருக்கும். அது டயாட்டம் பாசி. வெளிச்சத்துக்கு மேலே ஏறி வந்து கார்பனைச் சேர்த்துவிட்டு, தண்ணீர் ஏறும் நேரத்தில் மறுபடி உள்ளே போய்விடும். அது விடும் பசைதான் சேற்றைக் கட்டிப் பிடிக்கிறது. அதற்குக் கீழே இருட்டு, ஆக்சிஜனும் கிடையாது, அங்கே புதைந்த கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும்.

அப்புறம் புயலோ தூர்வாரும் இயந்திரமோ அந்தச் சேற்றைக் கலக்கினால், மிதக்கும் துகளில் ஒட்டியிருக்கும் கார்பனில் ஒரு பகுதி வெயில் பட்டுத் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. கலங்கிய தண்ணீரே ஒளியை மறைப்பதால் இது மேல்மட்டத்தில்தான் அதிகம். என்றாலும் அலையாத்திக் காடு எவ்வளவு கார்பனைப் புதைக்கிறது என்று கணக்குப் போடுகிறவர்கள், பக்கத்து வாய்க்காலைத் தூர்வாருவதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும் என்பேன்.