கடன் பத்திரத்தில் பெரியப்பா கையெழுத்துப் போடுவாரா?

டல்லாஸிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகனுக்கு 19 வயது, கிரீன் கார்டு வந்து மூன்று வருஷம். அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தால் சிட்டிசன்ஷிப் சீக்கிரம் கிடைக்கும் என்கிறான். கடன் வாங்கியாவது தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கட்டும் என்கிறார் பெரியப்பா. ராணுவம் என்றாலே தாயாருக்குப் பயம்; எந்த வழி நல்லது என்று கேட்கிறார்.

உங்கள் பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் பையன் பள்ளியில் ஆசையாகப் போனது ஆட்டோ ஷாப் என்ற வண்டி பழுதுபார்க்கும் வகுப்புக்கு மட்டும்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் எதற்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்? அந்தக் கடனை வட்டியோடு கட்டப்போவது பெரியப்பா இல்லை.

சிட்டிசன்ஷிப்புக்காக மட்டும் என்றால் ராணுவமும் வேண்டாம். கிரீன் கார்டுக்கு 5 வருஷம் ஆனதும் எல்லோரையும் போல விண்ணப்பிக்கலாம். இன்னும் இரண்டே வருஷம். ராணுவ ஒப்பந்தமோ பொதுவாக மொத்தம் 8 வருஷம்.

வண்டி வேலையும் சீருடையும் உண்மையிலேயே பிடித்திருந்தால் ஆர்மி ரிசர்வ் என்ற பகுதிநேர ராணுவத்தைப் பாருங்கள். தென் கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சன் போன்ற முகாமில் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி, அடுத்து மெக்கானிக் பயிற்சி. லாரி எஞ்சினைப் பிரித்து மாட்டச் சம்பளம் கொடுத்தே கற்றுத்தருவார்கள். பிறகு வீட்டுக்கு வந்துவிடலாம். மாதம் ஒரு வார இறுதி, வருஷத்தில் இரண்டு வாரம் பணி. மற்ற நாட்களில் கம்யூனிட்டி காலேஜில் டீசல் மெக்கானிக் படிக்கலாம். 2001 செப்டம்பர் 11 முதல் இன்றுவரை சட்டக் கணக்கில் போர்க்காலம் என்பதால், ரிசர்வில் முறையாகப் பணியில் இருப்பவரும் 5 வருஷம் காத்திராமல் குடியுரிமை கேட்கலாம். விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. கிரீன் கார்டு இல்லாமல் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வழி இல்லை. கிரீன் கார்டு இல்லாதவர்களில் தமிழ் தெரிந்தவர்களையும் ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட மாவ்னி என்ற திட்டம் 2016-லேயே நின்றுவிட்டது.

ரிசர்வ்தானே என்று அலட்சியம் வேண்டாம். போர்முனைக்கு அழைத்தால் போயே ஆக வேண்டும். நல்லபடியாக 5 வருஷம் முடிக்கும் முன் அவப்பெயரோடு வெளியேற்றப்பட்டால், ராணுவத்தால் கிடைத்த குடியுரிமையையே ரத்துசெய்ய முடியும். ரெக்ரூட்டர் (ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர்) வாயால் சொன்னது எதுவும் செல்லாது. '91பி' என்ற மெக்கானிக் பணி எண் ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும் கையெழுத்து.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அமெரிக்கக் குடிமகன் ஆனதும் இந்தியக் குடியுரிமை போய்விடும். சரி, விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவருக்கும் ஓய்வுபெற்றவருக்கும் இந்தியா ஓசிஐ தருவதில்லை. பாட்டியைப் பார்க்க வரவும் விசா எடுக்க வேண்டும். இதைப் பையனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பெரியப்பாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.