கிராங்க் பேரிங்கா? சுத்தியலைத் தள்ளி வையுங்கள்

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் கிராங்க் பேரிங்கை (எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் குண்டு பேரிங்) மாற்றுவதற்காகக் கப்சாய் (சின்ன மோட்டார்சைக்கிள்) எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்ததிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கே: அண்ணே, எனக்கு வேண்டியது 6205 எண் பேரிங். கடையில் 6205 சி3 என்று கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றா?

அளவு ஒன்றுதான். உள்ளே 25, வெளியே 52, தடிமன் 15 மி.மீ. சி3 என்றால் குண்டுக்கும் ரேஸுக்கும் (குண்டுகள் உருளும் வளையம்) நடுவில் இடைவெளி கொஞ்சம் கூடுதல். கேசிங்குக்குள் (எஞ்சினின் வெளிக்கூடு) இறுக்கமாகப் போகும்போது வெளி ரேஸ் சுருங்கும், ஷாஃப்டில் (கிராங்க் தண்டில்) ஏறும்போது உள் ரேஸ் விரியும், எஞ்சின் சூடானால் அந்த இடைவெளி இன்னும் குறையும், அதனால்தான் கிராங்குக்குப் பெரும்பாலும் சி3 கேட்கிறார்கள். பழைய பேரிங்கின் ஓரத்தை மண்ணெண்ணெயில் நன்றாகத் துடைத்துப் பாருங்கள், அழுக்குக்கு அடியில் சி3 ஒளிந்திருக்கலாம். புதியது கையில் லேசாக ஆடுகிறதே என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

கே: பேரிங்கை ஃபிரீசரில் வைக்கணுமாமே? வீட்டில் அம்மா திட்டுகிறார்.

பிளாஸ்டிக் பையில் நன்றாகச் சுற்றி வையுங்கள், ஐஸ்கிரீமில் கிரீஸ் வாசனை வந்தால் நான் பொறுப்பில்லை. ஆனால் ஃபிரீசர் துணைக்குத்தான், வேலையைச் செய்வது சூடு. 52 மி.மீ. ஓட்டை உள்ள அலுமினிய கேசிங்கை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் ஓட்டை கிட்டத்தட்ட 0.1 மி.மீ. விரியும். ஃபிரீசரில் பேரிங் சுருங்குவது 0.03 தான். ஆகவே கேசிங்கிலிருந்து ஆயில் சீலை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) கழற்றி, பெட்ரோல் வாடையே இல்லாமல் கழுவிக் காயவைத்து (இதை விளையாட்டாக எடுக்காதீர்கள், மூடிய ஓவனுக்குள் பெட்ரோல் ஆவி வெடிக்கும்), கேசிங்கை ஓவனில் 110 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். ஒரு சொட்டு நீர் விட்டால் சுர்ரென்று ஓடணும். பேரிங்கை நேராகப் பிடித்து விட்டால் 'டொக்' என்று தானாக உட்காரும். சாய்ந்து மாட்டிக்கொண்டால் அடிக்காதீர்கள், எடுத்துவிட்டு மறுபடி சூடாக்குங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் குளிர்ந்த பேரிங் உடனே வேர்க்கும், அதனால் உட்கார்ந்ததும் எண்ணெய் விட்டுச் சுற்றிவிடுங்கள்.

கே: நான் சுத்தியலால் தட்டித்தான் போட்டேன். ஓடுகிறதே?

ஓடும் தம்பி. எனக்கும் ஓடியது, பதினெட்டு வயதில். உள் ரேஸின்மேல் சாக்கெட்டை வைத்துத் தட்டினேன், ரெண்டே வாரத்தில் அரிசி ஆலை மாதிரி இரைச்சல். கேசிங்குக்குள் தள்ளும்போது வெளி ரேஸை மட்டும், ஷாஃப்டில் ஏற்றும்போது உள் ரேஸை மட்டும்தான் தொடணும். மாற்றித் தள்ளினால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் ரேஸில் பள்ளம் விழும். அப்பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

கே: கேசிங் இரண்டு பாதியும் சேரவில்லை, போல்ட்டை இறுக்கி இழுத்துவிடலாமா?

கூடாது, போல்ட் போகும் கேசிங் காது உடையும். கிராங்க் நுனியை அடித்தும் சேர்க்காதீர்கள். சின்ன எஞ்சின்களில் கிராங்க் பல துண்டுகளை அழுத்திச் சேர்த்தது, ஒரு அடியில் கோணிவிடும், அப்புறம் லேத் கடையில்தான் நேராக்கணும். பேரிங் உள்ள பக்கத்தை மறுபடி சூடாக்குங்கள், அல்லது ஷாஃப்டை இழுக்கும் புல்லர் வாங்குங்கள்.

கே: கடைக்காரர் பாதி விலையில் இன்னொரு பேரிங் காட்டினார்.

வேண்டாம்.

கே: புல் வெட்டும் மெஷினுக்கும் இதே முறைதானா?

இதேதான், ஆனால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால் ஆயில் சீலும் புதிதாகப் போடுங்கள். அங்கே கிராங்க் கேசுக்குள்தான் பெட்ரோலும் காற்றும் கலந்து போகின்றன, பழைய சீல் வழியே வெளிக்காற்று புகுந்தால் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பிறகு பேரிங்கைத்தான் குறை சொல்வீர்கள்.